குணலட்சுமியின் இடக்கை

சலசலவென்று காப்புகள் முழங்கை வரை இறங்கினால் மண்டபத்தில் இருக்கிற நாற்பத்திரண்டு பேருக்கும் செய்தி தெரிந்துவிடும். குணலட்சுமி கையைத் தூக்கிவிட்டாள். சோதனை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தலை குனிந்தபடியே இருக்கும். வலக்கை விடையை எழுதிக்கொண்டே போகும். இடக்கை மட்டும் கூரையைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் கண்டு, பெருமூச்சு விட்டு, "என்ன பிள்ளை?" என்று கேட்கும் வரைக்கும் அது இறங்காது.

"சேர், மூண்டாவது வரிசையிலை தேவராசா பின்னாலை திரும்பிறார்."

சொல்லி முடிந்ததும் கை இறங்கும். மூன்று கண்ணாடிக் காப்புகளும் மணிக்கட்டுக்குத் திரும்பி வரும். இவ்வளவுக்குள் வலக்கை அரைப் பக்கம் எழுதி முடித்திருக்கும்.

அரியாலையில் பெட்டைகளும் பெடியன்களும் சேர்ந்து படிக்கிற ஒரு கலவன் பாடசாலையில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள் குணலட்சுமி. வயது பதினாறு. ஒல்லியான உடம்பு, கறுப்பு நாடாவால் மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், எத்தனை முறை கழுவினாலும் போகாத நீல மைக்கறை நடுவிரலில். சோதனைக்கு வரும்போது மை நிரப்பிய பேனை இரண்டு கொண்டுவருவாள். ஒன்று எழுத, மற்றது காவலுக்கு. காவலுக்கு வைத்த பேனையை இதுவரை ஒருவருக்கும் கொடுத்ததில்லை. சோதனை மண்டபத்தில் பேனை கைமாறினால்கூட அது ஒரு கள்ளத் தொடுப்புத்தான் என்பது அவளுடைய கட்சி. தன் தாளையும் யாருக்கும் காட்டமாட்டாள். இடக்கையை வேலி போலத் தாளைச் சுற்றிப் போட்டுக்கொண்டுதான் எழுதுவாள்.

அவளைக் கோள்மூட்டி என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமில்லாத பேச்சு. கோள் சொல்லுகிறவர்கள் காதுக்குள் சொல்லுவார்கள். போகிற வழியில் இரண்டைக் கூட்டியும் சொல்லுவார்கள். குணலட்சுமி ஊருக்கே கேட்கச் சொல்லுவாள், ஒரு சொல் கூட்டமாட்டாள். பிடிபட்டவன் மேல் அவளுக்குக் கோபமும் இருப்பதில்லை. இடைவேளையில் தேவராசா முறைத்துக்கொண்டு போனால் அவனுக்கு விளக்கம் சொல்லவும் தயங்கமாட்டாள். பெடியன்களோடு நேரே கதைப்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் வழக்கமில்லை. ஆகவே பக்கத்தில் நிற்கிற தோழியின் முகத்தைப் பார்த்து, அவனுக்குக் கேட்கும்படி சொல்லுவாள்:

"திரும்பினபடியால் சொன்னனான். திரும்பாட்டிச் சொல்லியிருக்க மாட்டன். உள்ளதைத்தான் சொன்னனான்."

இந்த 'உள்ளதைத்தான் சொன்னனான்' ஒரு நாளில் பத்துத் தடவையாவது அவள் வாயிலிருந்து வரும். பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் அப்படித்தான். ஒருநாள் நெரிசலான பஸ்ஸில் கொண்டக்டர் அவளைத் தவறவிட்டுப் போய்விட்டார். இன்னொருத்தியாக இருந்தால் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். இவள் எழுந்து நின்று, "எனக்கு இன்னும் ரிக்கற் தரேல்லை" என்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, "இந்த அம்மாவுக்கும் தரேல்லை" என்றாள். அந்த அம்மா பார்த்த பார்வையைக் கண்டு கொண்டக்டரே பயந்துபோனார். வீட்டுப் பக்கத்துப் புளியடிப் பிள்ளையார் கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குக் கொடுத்த பேர்களில் ஒன்றை விட்டுவிட்டால், "ஐயா, கனகாம்பிகை மாமியின்ரை பேரை விட்டிட்டியள்" என்று பின்னாலிருந்து குரல் வரும். சொந்தத்தில் யாருக்காவது கலியாணப் பேச்சோடு ஆட்கள் வீட்டுக்கு வந்தால் தாய் சிவக்கொழுந்து செய்கிற முதல் வேலை, குணலட்சுமியைச் சீனி வாங்கக் கடைக்கு அனுப்புவது. சீனி வீட்டில் நிறைய இருக்கும்.

தன்னையும் அவள் விட்டுவைத்தவள் இல்லை. எட்டாம் வகுப்பில் பூமிசாத்திர விடைத்தாள் கிடைத்தபோது எழுபத்தொன்று போட்டிருந்தது. கூட்டிப் பார்த்தாள். அறுபத்தொன்பதுதான் வந்தது. தாளை எடுத்துக்கொண்டு போய் ரீச்சரின் மேசையில் வைத்தாள். அந்த இரண்டு புள்ளியோடு வகுப்பில் முதலாம் பிள்ளை என்ற பேரும் போயிற்று. மூன்று நாள் அழுதாள். அழுதுகொண்டே, "உள்ளது உதுதான்" என்று தாய்க்குச் சொன்னாள்.

அவளால் மிகவும் பாதிக்கப்பட்டவர் நடராசா மாஸ்டர். மேற்பார்வை என்பது மனிதன் அமைதியாகப் பேப்பர் படிப்பதற்குக் கிடைத்த நேரம் என்று நம்புகிற நல்ல மனிதர் அவர். அதிலும் கோட்டுச் செய்திகளை ஒரு வரி விடாமல் படிப்பார். கொலை வழக்கில் சாட்சி கூண்டில் ஏறுகிற நேரம் பார்த்துக் காப்புகள் சலசலக்கும். "உந்தப் பிள்ளை ஒண்டில் அப்புக்காத்தாய் வரும், இல்லாட்டி எங்களை எல்லாம் மறியற்சாலைக்கு அனுப்பும்" என்று அவர் ஆசிரியர் அறையில் சொன்னது எப்படியோ அவள் காதுக்கும் போயிற்று. முதற் பாதியை அவள் மனத்தில் வைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் அவளுடைய ஆசையும் அதுதான். பன்னிரண்டு வயதில் தகப்பன் முத்துக்குமாருவோடு ஒரு எல்லை வழக்குக்குக் கோட்டுக்குப் போயிருந்தாள். கறுத்தக் கோட்டுப் போட்ட அப்புக்காத்து ஒருவர் எழுந்து நின்று இருந்ததை இருந்தபடி சொல்ல, நீதவானே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், "நான் அப்புக்காத்துக்குப் படிக்கப்போறன்" என்றாள். தகப்பன் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. தாய்தான் நிபந்தனை போட்டாள்.

மார்கழியில் வருகிற பொதுச் சோதனைக்கு எல்லாரையும் பள்ளிக்கூடம் அனுப்பிவிடாது. புரட்டாதியில் தெரிவுச் சோதனை என்று ஒன்று வைக்கும். அதில் ஒரு பாடத்தில் விழுந்தாலும் அந்த வருடம் போகமுடியாது. சிவக்கொழுந்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "அனுப்பினால் படி. அனுப்பாட்டி வீட்டிலை இருந்து தையல் பழகு. சாவகச்சேரியிலை மாமா கலியாணத்துக்கு ஒரு இடம் பார்த்து வைச்சிருக்கிறார்." குணலட்சுமிக்குத் தையல் என்றாலே கை வியர்க்கும். சாவகச்சேரி என்றால் அதைவிட.

தெரிவுச் சோதனைக்கு அதிபர் சோமசேகரம் இரண்டு சட்டம் வைத்திருந்தார். முதலாவது, பார்த்து எழுதினவருக்கும் சைபர், காட்டினவருக்கும் சைபர். இரண்டாவது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு: மண்டபத்தில் ஒரு பெண், ஒரு பெடியன், ஒரு பெண், ஒரு பெடியன் என்று மாறி மாறி இருத்துவது. "பெடியனுக்குப் பக்கத்திலை பெடியன் இருந்தால் கேப்பான். பெட்டை இருந்தால் வெக்கத்திலை வாய் திறக்கமாட்டான்" என்று விளக்கமும் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பெடியனை அவர் சரியாகத்தான் எடைபோட்டிருந்தார். பெடியனுக்கு வாய் மட்டுமல்ல, கண்ணும் இருக்கிறது என்பதை மறந்துபோனார்.

அப்படி இருத்தியதில் குணலட்சுமிக்கு இடப்பக்கம், ஒரு முழம் பின்னால், வந்து அமைந்தவன் செபநாயகம். குருநகர்ப் பெடியன். வேறொரு பள்ளிக்கூடம் போதுமென்று சொல்லிவிட்டதால் இங்கே வந்தவன். விடிய முதல் தகப்பன் அடைக்கலநாதனோடு கரைக்குப் போய் வலை இழுத்துவிட்டு, தலையில் உப்புக் காயாமல் சைக்கிளில் வந்து சேருவான். நெடுத்த ஆள், சிரித்த முகம், கழுத்தில் மாதா சுரூபம். மோட்டர் வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டித் தருவான். ஒல்லாந்தர் எந்த ஆண்டு வந்தார்கள் என்று கேட்டால், "வந்தவைதானே சேர், எப்ப வந்தால் என்ன?" என்பான். அவனுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. சோதனைக்கு அனுப்பினால் எஞ்சின் பழகக் கொழும்புக்கு விடுவேன், அனுப்பாவிட்டால் மறுநாளே வள்ளத்தில் ஏறு என்று தகப்பன் சொல்லியிருந்தார்.

வரலாற்றுச் சோதனை நடந்த அன்று குணலட்சுமிக்கு ஓய்வே இல்லை. மண்டபம் முழுக்கக் கெட்டுப்போனது போலிருந்தது. தேவராசா திரும்பினான். சொன்னாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி திரும்பினான். மறுபடி சொன்னாள். பிறகு கீழே குனிந்து எதையோ எடுத்தான், சட்டைக் கைக்குள் பார்த்தான், மேசைக்குக் கீழே கையை விட்டான். அவள் கையைத் தூக்கித் தூக்கித் தோள்மூட்டு நொந்துபோயிற்று. நடராசா மாஸ்டரோ அன்றைக்குப் பார்த்து ஒரு பெரிய வழக்கில் மூழ்கிப்போயிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் தலை நிமிர இரண்டு நிமிடம் எடுத்தது. வந்து தேவராசாவைச் சோதித்துப் பார்த்தால் ஒரு துண்டும் அகப்படவில்லை. "மூக்குப்பொடி மாதிரி ஒளிச்சு வைச்சிருக்கிறார் சேர்" என்றாள் அவள். தேவராசா அப்பாவியாக முழித்தான்.

சோதனை முடிந்து தாள்களைச் சுட்டெண் ஒழுங்கில் அடுக்கி நூலால் கட்டுவது எப்போதும் குணலட்சுமியின் வேலை. அவள் அடுக்கினால் ஒழுங்கு பிழைக்காது என்று நடராசா மாஸ்டர் அவளிடமே விட்டுவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார். அன்றும் போய்விட்டார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள். செபநாயகத்தின் தாள் கைக்கு வந்ததும் கை நின்றது.

தாளின் உச்சியில், அவன் வழக்கப்படி, சின்னதாக ஒரு சிலுவை. அதற்குக் கீழே ஒரு பிள்ளையார் சுழி. சுழிக்குக் கீழே இரண்டு கோடு. கோட்டுக்குக் கீழே, நல்ல வடிவான எழுத்தில்: 'புளியடிப் பிள்ளையார் துணை.'

குருநகர் மாதா கோயில் பெடியனுக்குப் புளியடிப் பிள்ளையார் எந்த வழியில் துணைக்குப் போனார்? அந்தப் பள்ளிக்கூடத்தில் புளியடிப் பிள்ளையாரை எழுதுகிறவள் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பிறகு வாசிக்கத் தொடங்கினாள்.

'ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக் கோட்டையை ஐந்து மூலையாகத் திருத்திக் கட்டினார்கள். யாழ்ப்பாணத்தாரின் தேசவழமைச் சட்டத்தை முதன்முதலாகக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். ஏறமாட்டேன் என்று முரண்டு பிடித்தவற்றைக் கயிற்றால் கட்டி இழுத்தார்கள்.'

சட்டம் அவளுடையது. கப்பலில் ஏறிய யானைகளும் அவளுடையவைதான். சட்டத்துக்கும் யானைக்கும் நடுவே அவள் எழுதிய நாலு வரிதான் இவனிடம் இல்லை. தன் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவன் எழுதியதெல்லாம் துண்டு துண்டாக இருந்தது. இங்கே நாலு வரி, பிறகு இடைவெளி, அங்கே ஐந்து வரி. 'முதன்முதலாக' என்ற இடத்தில் என்ன நடந்தது? யோசித்தாள். அந்த இடத்தில்தான் நடராசா மாஸ்டர் "என்ன பிள்ளை?" என்று கேட்டார். அவள் கையை இறக்கினாள். யானை ஏறுகிற இடத்தில் தேவராசா இரண்டாம் முறை திரும்பினான். அவள் கையைத் தூக்கினாள்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தாளைச் சுற்றிக் கிடந்த வேலி அந்த இடக்கைதான். அதை மேலே தூக்கும் ஒவ்வொரு முறையும் வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு விழுந்திருக்கிறது. மற்றவனைப் பிடித்துக் கொடுக்கத் தூக்கிய கை, பக்கத்தில் இருந்தவனுக்குப் படலையைத் திறந்து விட்டிருக்கிறது. பார்த்து எழுதினவருக்கும் சைபர், காட்டினவருக்கும் சைபர். காட்டினவள் வேறு யாருமில்லை.

வரலாற்றில் சைபர் என்றால் மார்கழி இல்லை. மார்கழி இல்லையென்றால் தையல், சாவகச்சேரி. மண்டபத்தில் வேறு ஒருவரும் இல்லை. நூல் கையில் இருந்தது. இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் போதும். திருத்துகிற ஆசிரியர் நாற்பத்திரண்டு தாளைப் பார்த்துக் களைத்துப்போயிருப்பார். கவனித்தால் கவனிக்கட்டும், கவனிக்காவிட்டால் அவள் பாடு தப்பும். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குணலட்சுமி, சொல்லாமல் விட்டால் என்ன என்று நினைத்தாள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு விறாந்தை வழியே நடந்தாள். அதிபரின் அறைக்கு முப்பது அடிதான். அன்று அது நல்லூருக்கு நடந்து போவதுபோல நீண்டுகொண்டே போயிற்று.

"சேர், சரித்திரச் சோதினையிலை ஒரு ஆள் பார்த்து எழுதியிருக்கிறார்."

அதிபர் தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனபடி கேட்டார்: "ஆர்?"

"செபநாயகம்."

"ஆரைப் பார்த்து?"

இவ்வளவு காலத்தில் ஒரு கேள்விக்கும் அவள் நின்று மூச்சு வாங்கியதில்லை. இதற்கு வாங்கினாள்.

"என்னை, சேர்."

கோப்பை மேசைக்குத் திரும்பிப் போயிற்று. அதிபர் இரண்டு தாளையும் வாங்கிப் படித்தார். யானை கயிற்றில் இழுபடுகிற இடம் வந்ததும் லேஞ்சியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஆளனுப்பிச் செபநாயகத்தையும் நடராசா மாஸ்டரையும் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் எப்ப தொடக்கம் புளியடிப் பிள்ளையாரிட்டைப் போறீர்?"

"நான் போறேல்லைச் சேர். எங்களுக்கு மாதா கோயில்."

"அப்ப உது என்ன?"

செபநாயகம் குனிந்து பார்த்தான். உண்மையாகவே திகைத்துப்போனான். "ஐயோ! உதையும் எழுதிப்போட்டனே? முதல் வரி எண்டபடியால் முக்கியமாக்கும் எண்டு நினைச்சன் சேர்."

"முக்கியம்தான்" என்றார் அதிபர். "சரி, உள்ளதைச் சொல்லும். என்னெண்டு பார்த்தனீர்?"

பிடிபட்ட பிறகு ஒளிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. வலையில் என்ன பட்டது என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "அவ கையைத் தூக்கினால்தான் தாள் தெரியும் சேர். தூக்காட்டி ஒரு எழுத்தும் தெரியாது. காப்புச் சத்தம் கேட்டால் பேனையைப் பிடிச்சுக்கொண்டு ஆயத்தமாய் இருப்பன். இறக்கினால் நானும் நிப்பாட்டிப்போடுவன். அதுதான் இடையிலை இடையிலை காணேல்லை."

"ஏழு தரம் தூக்கியிருக்கிறாவே!" என்றார் நடராசா மாஸ்டர்.

"அது..." செபநாயகம் தலையைச் சொறிந்தான். "அதுக்குத்தான் தேவராசா திரும்பினவன் சேர். அவன் ஒண்டும் பார்த்து எழுதேல்லை, பாவம். சும்மா திரும்பினவன். சோதினை முடிய வீட்டை கூட்டிக்கொண்டுபோய் நண்டுக்கறியோடை சோறு தாறன் எண்டு சொன்னனான்."

குணலட்சுமிக்குக் காது சிவந்தது. ஏழு தடவை! ஏழு தடவையும் அவள் நீதியைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கையைத் தூக்க, அது ஒரு நண்டுக்கறிக்காக நடந்த கூத்தாக இருந்திருக்கிறது. அவளுக்கு வந்த கோபத்தில் அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது.

அதிபர் அவள் பக்கம் திரும்பினார். "பிள்ளை, என்ரை சட்டம் தெரியும்தானே?"

"ஓம் சேர். பார்த்தவருக்கும் சைபர். காட்டினவருக்கும் சைபர்." மேசையில் கிடந்த தாள்களைக் காட்டினாள். "போடுங்கோ சேர்."

அதோடு விட்டிருந்தால் அவள் குணலட்சுமி இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆனால் சேர், இன்னும் ரெண்டு பேர் இருக்கினம். பெட்டையும் பெடியனுமாய் மாறி இருத்தினது நீங்கள். இல்லாட்டி எனக்குப் பக்கத்திலை இவர் வந்திருக்க மாட்டார். மற்றது, நடராசா சேர் பேப்பர் படிச்சுக்கொண்டு இருந்தவர். கையைக் கண்ட உடனை வந்திருந்தால் இவருக்கு ஒரு வரிதான் கிடைச்சிருக்கும். நாலு வரி கிடைச்சிராது. உள்ளதைத்தான் சொல்லுறன்."

நடராசா மாஸ்டர் கக்கத்தில் இருந்த பேப்பரைக் கதிரைக்குப் பின்னால் மெல்ல ஒளித்தார். செபநாயகம், கறுத்தக் கோட்டுக்காரரைக் கண்ட வழக்காளி மாதிரி, வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சட்டம் சட்டம்தான்" என்றார் அதிபர் கடைசியில். "ரெண்டு பேருக்கும் சைபர். என்ரை இருத்தலுக்கு ஒரு சைபர். மாஸ்டரின்ரை பேப்பருக்கும் ஒண்டு. நாலு பேரும் விழுந்திட்டம். அப்ப நாலு பேரும் திரும்ப எழுதத்தானே வேணும்? சனிக்கிழமை காலமை என்ரை அறைக்கு வாருங்கோ. புதுக் கேள்வி போடுறன். மாஸ்டர் வந்து பார்த்துக்கொண்டு இருப்பார், பேப்பர் இல்லாமல்."

வெளியே வந்தபோது குணலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்னும் ஒரு வழி இருக்கிறது! வியாழக்கிழமை அவளுடைய வரலாற்றுக் கொப்பி ஒரு தோழியின் கையிலிருந்து தேவராசாவின் கைக்கும், அங்கிருந்து குருநகருக்கும் போயிற்று. அட்டையில் ஒரு துண்டு செருகியிருந்தது: 'வெள்ளி காலை திருப்பித் தரவும். மீன் மணக்கக் கூடாது.' தோழி ஆச்சரியப்பட்டாள். "நீயோ குடுக்கிறாய்?" என்று கேட்டாள்.

"கொப்பியைப் பார்க்கிறது களவில்லை. தாளைப் பார்க்கிறதுதான் களவு" என்றாள் குணலட்சுமி.

சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் காப்புகள் சலசலத்தன. "சேர், உங்கடை மணிக்கூடு மூண்டு நிமிசம் முந்தி ஓடுது." சத்தம் கேட்ட உடனேயே செபநாயகம் கழுத்துச் சுளுக்கும் வேகத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதைக் கடைக்கண்ணால் கண்ட குணலட்சுமி, தன்னுடைய திறந்த தாளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவளுக்கு எழுபத்தெட்டு. அவனுக்கு முப்பத்தாறு. முப்பத்தைந்து எடுத்தால் தேறலாம்.

மார்கழி வந்தது. பொதுச் சோதனை பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்தது. தெரியாத மண்டபம், தெரியாத முகங்கள். மேற்பார்வையாளரும் வெளியூர் ஆள். விறைத்த மனிதர், கையில் ஒரு குறிப்புப் புத்தகம். "திரும்பினால் பேர் எழுதி அனுப்புவன். அதோடை சரி. எல்லாப் பாடமும் போகும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

கணிதத் தாள். செபநாயகத்துக்குப் பிடித்த பாடம். குணலட்சுமிக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்து வேகவேகமாகப் போட்டுக்கொண்டு போனான். பாதியில் அவன் கை நின்றது. பேனையை உதறினான். தாளில் கீறினான். உதறினான், கீறினான். வெள்ளைக் கோடுதான் விழுந்தது. பின்னால் இருந்த தேவராசாவிடம் பேனை கிடைக்குமா என்று தலையைத் திருப்பினான்.

"தம்பி! திரும்பாதையும்!"

"சேர், என்ரை..."

"கதைக்கப்படாது!"

வள்ளத்தில் எந்தக் காற்றுக்கும் அசையாத பெடியன் அந்தக் குரலுக்குப் பேச்சற்றுப்போனான். மணிக்கூட்டைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். அவனை அறியாமலே தலை மறுபடியும் பாதி திரும்பியது. மேற்பார்வையாளர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகொண்டு, அவன் மேசையில் ஒட்டியிருந்த சுட்டெண்ணைப் பார்க்கக் குனிந்தார்.

குணலட்சுமி எல்லாவற்றையும் கண்டாள். அவளுக்குக் காணாமல் இருக்கத் தெரியாது. அந்தப் பெடியன் பார்த்து எழுதவில்லை. அவன் பேனையில் மை இல்லை. உள்ளது அவ்வளவுதான்.

வலக்கை எழுதுவதை நிறுத்தியது. தாளைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குமேல் கோடு கீறுகிற அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து ஒருமுறை அமத்திப் பார்த்தாள். பிறகு இடக்கை மேலே போயிற்று. சலசலவென்று காப்புகள் முழங்கை வரை இறங்கின. அந்தச் சத்தத்துக்குத் தேவராசா கண்ணை இறுக மூடிக்கொண்டான். உயர்ந்த கையின் விரல்களுக்கிடையில், மூடி கழற்றி, மை நிறைந்த இரண்டாவது பேனை இருந்தது.